இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

என் அத்தாவிடம் இரண்டு தகர வாளிகள் இருந்தன. ஒன்று முதல் அலசலுக்கு, மற்றது இரண்டாம் அலசலுக்கு. சூலியா ஸ்திரீட் பக்கத்துச் சந்து ஒன்றில், சிங்கப்பூர் ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், தள்ளுவண்டி போட்டுத் தேத்தண்ணி விற்றவர் அவர். கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். விடிவதற்கு முன் தெருக்குழாயில் பிடித்து வைத்த தண்ணீர்தான் அன்று முழுவதற்கும். கொதிக்க வைத்தது போக மிஞ்சியதுதான் வாளிக்கு. காலை பத்து மணிக்குள் முதல் வாளி பால் நிறமாகிவிடும். உச்சிப்பொழுதுக்கு இரண்டாவதும் அப்படியே. அப்போது அத்தா இரண்டையும் தூக்கி, சந்தின் ஓரத்தில் ஓடிய மூடியில்லாத கால்வாயில் கவிழ்ப்பார். கெட்டிப்பால் கலந்த தண்ணீர் வெள்ளைக் கோடு போல நெளிந்து ஆற்றுப் பக்கம் ஓடும்.

எட்டு வயதில் கடையில் உதவிக்கு நின்றபோது ஒருநாள் கேட்டேன். "அத்தா, இந்தத் தண்ணி எங்க போவுது?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

"கடலுக்கு."

அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. கடல் பெரியது. எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் அந்த ஆற்றங்கரையில் பிழைத்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தோம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்பதே எனக்குச் சம்பளத்துக்குரிய வேலையானது. தேசிய சேவை முடித்து 1978இல் கால்வாய் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் சுத்தப்படுத்திய அந்தப் பத்தாண்டு வேலையில் என் கையும் கொஞ்சம் நனைந்தது. அதைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இன்று அந்தக் கரையில் நடப்பவர்களுக்கு அது ஒரு துறைமுகமாக இருந்தது என்று சொன்னால் நம்ப முடிவதில்லை. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள சிற்றாறு அது. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது தென்கரை முழுக்கச் சதுப்பு நிலம். 1822இல் பக்கத்திலிருந்த குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டித் தென்கரையை மேடாக்கினார்கள். குன்று இருந்த இடம் ராஃபிள்ஸ் பிளேஸ். மண் விழுந்த இடம் போட் கீ. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிடும். அவற்றிலிருந்து மூட்டைகளைப் படகில் இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவந்து கிட்டங்கிகளில் அடுக்குவார்கள். 1860களில் இந்தத் தீவின் கப்பல் வணிகத்தில் முக்கால்வாசி இந்த ஒரு கரையில்தான் நடந்தது.

அந்தப் படகுகளுக்குத் தொங்கான் என்று பெயர். தொடக்க காலத்தில் தொங்கான் தள்ளியவர்களில் பெரும்பங்கு நம்மவர்கள். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அவர்களை இங்கே சூலியா என்றார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அவர்கள் 1826இல் நிறுவிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு, அதே சாலையில், நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா எழுந்தது 1828க்கும் 1830க்கும் இடையில். அன்று அதன் வாசலுக்கு எதிரே கடல் இருந்தது. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் நன்றி சொல்லப் போன இடம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆறு கைமாறியது. தொங்கான்களும், துவாக்கோ எனும் சரக்குப் படகுகளும் சீனர்களிடம் போயின. படகின் முன்புறம் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள், படகு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று. நம்மவர்கள் ஆற்றில் ஓட்டிய படகுகளுக்குச் சாட்சியாக நின்றது தெருப்பெயர் ஒன்றுதான். அதுவும் சுலபமாகக் கிடைக்கவில்லை. முன்பு கிளிங் ஸ்திரீட் என்று இருந்தது. அந்தச் சொல்லில் இழிவு இருக்கிறது என்று நம்மவர்கள் முறையிட்ட பிறகு 1920களில்தான் சூலியா ஸ்திரீட் ஆனது. அதே தெருவின் பக்கத்தில்தான் அத்தாவின் வண்டி நின்றது. மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளிலிருந்து அடுத்தாள்கள் வருவார்கள். ஆற்றிலிருந்து சீனப் படகுக்காரர்கள் வருவார்கள். எல்லாரோடும் அத்தா பசார் மலாயில் பேசுவார். வாங்கிப் போகிறவர்களுக்குக் காலிக் கெட்டிப்பால் டின்னில் ஊற்றி, காதில் சணல் கட்டிக் கொடுப்பார். டின் மறுநாள் திரும்பி வரும்.

1869இல் கட்டிய கேவனா பாலம் தாழ்வானது. ஏற்றத்தில் தொங்கான்களால் அதன் அடியில் நுழைய முடியாது. தண்ணீர் வற்றும்வரை வரிசையில் காத்துக் கிடப்பார்கள். அந்தக் காத்திருப்பு நேரந்தான் அத்தாவுக்கு வியாபார நேரம். ஆற்றின் ஏற்ற வற்றம் எங்கள் வீட்டு அடுப்பு வரை வந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

இனி நாற்றத்தைச் சொல்ல வேண்டும். வற்றத்தின்போது ஆற்றின் இரண்டு ஓரமும் கறுப்புச் சேறு தெரியும். அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்து உடையும். உடையும்போது அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று பின்னால் வேலையில் கற்றுக்கொண்டேன். தண்ணீரில் உயிர்வாயு தீர்ந்துவிட்டால், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் மட்டுமே அடிச்சேற்றில் தழைக்கும். அவை விடும் மூச்சு அது. அந்தத் தண்ணீரில் மீன் இருக்காது, இறால் இருக்காது. முட்டைக்கோஸ் இலை, தேங்காய் மட்டை, படகு எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய், செத்த கோழி எல்லாம் மிதக்கும்.

தப்பு ஆற்றில் இல்லை. சிங்கப்பூரில் தண்ணீருக்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். கக்கூஸ், சமையலறைத் தண்ணீர் ஒரு குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைத்தண்ணீர் திறந்த கால்வாயில் நேரே ஆற்றுக்குப் போகும். இரண்டும் சேரவே கூடாது. ஆனால் நகரத்தில் பாதிப் பிழைப்பு குழாயே இல்லாத இடத்தில் நடந்தது. தெருக்கடைக்குக் குழாய் கிடையாது. கம்பத்து வீடுகளில் வாளிக் கக்கூஸ். அதை எடுத்துப்போக, பக்கவாட்டில் சின்னச் சின்னக் கதவுகள் வைத்த லாரி வரும். காலாங் ஆற்றின் மேற்பகுதிகளில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும். கழுவிவிட்ட தண்ணீர் ஓடை வழியே இறங்கும். தஞ்சோங் ரூவில் படகு கட்டும் பட்டறைகளும் கரி வியாபாரமும். இவற்றின் அழுக்கெல்லாம் மழைத்தண்ணீரின் வழியைத்தான் எடுத்துக்கொண்டது. நாற்றம் ஆற்றில் தெரிந்தது. அது புறப்பட்டதோ ஆயிரம் புழக்கடைகளிலிருந்து. எங்கள் அத்தாவின் வாளிகள் அவற்றில் இரண்டு.

1977 பிப்ரவரி 27. அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு கெடு வைத்தார். பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். அதே ஆண்டு சுற்றுப்புற அமைச்சின் நிரந்தரச் செயலாளர் லீ எக் டியெங் தலைமையில் வேலை தொடங்கியது. ஆற்றில் இறங்கி அள்ளுவது முதல் வேலையாக இல்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் அறிவு. முதலில் ஒவ்வொரு கால்வாயாக மேலேறிப் போய், அழுக்கு எங்கே பிறக்கிறது என்று பட்டியல் எடுத்தார்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த இரண்டு வடிநிலங்களுக்குள் வந்தது.

என் வேலை பச்சைச் சாயம். ஒரு சிறு பொட்டலத்தில் பொடியாக இருக்கும். சந்தேகப்பட்ட கடையின் தொட்டியில் கரைத்து ஊற்றுவேன். என் கூட்டாளி தெருமுனையில் கால்வாய் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்து நிற்பார். பச்சை அங்கே வரவில்லை என்றால் நல்ல செய்தி, தண்ணீர் சரியான குழாயில் போகிறது. வந்துவிட்டால் அவர் கையைத் தூக்குவார். அந்தக் கை தூக்கலில் எத்தனை கடைக்காரர்களின் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். பலருக்குத் தங்கள் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று அதுவரை தெரியவே தெரியாது. கட்டியவன் எந்தக் குழாய் கிட்டே இருந்ததோ அதில் மாட்டிவிட்டுப் போயிருப்பான். "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று தமிழிலும் மலாயிலும், உடைந்த ஹொக்கியனிலும், ஒரு நாளைக்கு இருபது முறையாவது கேட்பேன்.

தேக்கா பக்கம் எனக்குப் பழக்கம் என்பதால் ரோச்சோர் கால்வாய் வேலைக்கு அடிக்கடி அனுப்பினார்கள். அந்த மண்ணில் நம்மவர்களின் கைச்சுவடு வேறு மாதிரி. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப்பெயர்களே மாடு சொல்லும். ஒரு காலத்தில் அங்கே மாட்டு வியாபாரத்திலும் தொழுவங்களிலும் தமிழர் பலர் இருந்தார்கள். கால்வாயும் ஓடையும் இருந்ததால்தான் மாடு அங்கே வந்தது. இன்னொரு பக்கம் தோபி காட். நம் வண்ணார்கள் துவைத்துக் காயப்போட்ட ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகத் தெருவுக்கு அடியில் ஓடுகிறது. தண்ணீர் இருந்த இடத்தைத் தேடித்தான் எல்லாத் தொழில்களும் வந்தன. வந்த தொழில்கள் அந்தத் தண்ணீரைக் கெடுத்தன. நூற்றைம்பது ஆண்டுக் கதையை இரண்டு வரியில் சொல்வதானால் அவ்வளவுதான்.

தெருக்கடைகளின் முறை வந்தபோது சமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். தமிழ்க் கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார்கள். தகர நாற்காலிகளில் நாற்பது, ஐம்பது பேர். கச்சாங் பூத்தே விற்பவர், அப்பம் சுடுபவர், வெற்றிலைக் கடைக்காரர். மூன்றாவது வரிசையில் அத்தா. ஆறு சுத்தமாக வேண்டும் என்பதை அங்கே யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் யார் வந்து குடிப்பார்கள்? வாடகையை வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மாதிரி கட்ட வேண்டுமா? பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் பிரிந்துபோனால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் பார்த்துக்கொண்ட வழக்கம் என்ன ஆகும்? நியாயமான கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. கடைசிக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

கடைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். அத்தா பெட்டிக்குள் கைவிடும் முன் பிஸ்மி சொன்னார். வந்த எண் மூலைக் கடை. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. புதிய உணவங்காடி நிலையத்தில் முதல் நாள் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்த தொட்டி. அதன் மேல் பித்தளைக் குழாய். அத்தா குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. மூடினார். மறுபடி திறந்தார். ஒரு கிளாஸை எடுத்து ஓடும் தண்ணீரில் பிடித்தார், விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துச் சுற்றிச் சுற்றிக் கழுவினார். முப்பது ஆண்டுகளாகக் கலங்கிய வாளியில் முக்கியெடுத்த கை அது. கழுவி முடித்ததும் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். குழாய் சுவருக்குள் போயிருந்தது.

"இது எங்க போவுது?" என்றார்.

"சுத்திகரிப்பு நிலையத்துக்கு அத்தா. ஆத்துக்குப் போவாது."

தலையாட்டினார். அந்த மூலைக் கடையில் முதல் இரண்டு ஆண்டுகள் வியாபாரம் பாதியாக விழுந்தது. அம்மா நகையில் ஒன்று அடகுக்குப் போனது. அதற்கப்புறம் மெல்ல எழுந்தது. 1986க்குள் அந்த வடிநிலங்களிலிருந்து 4,926 தெருக்கடைகள் உணவங்காடி நிலையங்களுக்குப் போயின. அதில் ஒன்று எங்களுடையது என்பதால் அந்த எண்ணை நான் மறப்பதில்லை.

கடைகள் மட்டுமா? சுமார் 26,000 குடும்பங்கள் வீடு மாறின, பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளுக்கு. ஏறத்தாழ 2,800 குடிசைத் தொழில்களும் பட்டறைகளும் இடம் பெயர்ந்தன. காலாங் வடிநிலத்திலிருந்த 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் 1982க்குள் ஒழிந்தன. சில பண்ணைக்காரர்கள் பொங்கோல் பக்கம் போனார்கள், பலர் தொழிலையே விட்டார்கள். ஒரு பண்ணையில் கடைசிச் சோதனைக்குப் போயிருந்தேன். தொழுவம் காலியாக இருந்தது. அந்த வீட்டு மூதாட்டி கழுவித் தள்ளத் தேவையில்லாத தரையைப் பழக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தார். என்னிடம் படிவம் இருந்தது. கையெழுத்து வாங்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர் வாளியை வைத்த பிறகு நீட்டினேன்.

படகுகளின் முறை 1983 செப்டம்பரில் வந்தது. உண்மையில் படகுத் தொழில் அதற்கு முன்பே நோய்ப்பட்டிருந்தது. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்த பிறகு, மூட்டை சுமந்து படகில் இறக்கும் வேலை ஆண்டுக்காண்டு தேய்ந்தது. இருந்தும் ஆற்றில் சுமார் 800 படகுகள் மிச்சமிருந்தன. எல்லாம் பாசிர் பாஞ்சாங் போக வேண்டும் என்று உத்தரவு. கடைசிப் படகுகள் கிளம்பிய வாரத்தில் நான் கரையில் மிதக்கும் குப்பை அள்ளும் குழுவோடு இருந்தேன். ஒரு கிழவர் தன் துவாக்கோவின் முன்புறம் குந்தி, ஈரத்துணியால் அதன் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு மணி, ஓரத்தில் படிந்த எண்ணெய்க் கறை. சிறுவயதில் என்னை அவர் பார்த்திருக்கிறார். அடையாளம் கண்டுகொண்டு, பசார் மலாயில், அத்தாவின் கடை இப்போது எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் போகும் கரைக்கும் அத்தா போன மூலைக்கும் பேருந்தில் ஒரு மணி நேரம். தெரிந்துகொண்டு, சரி என்று மறுபடி துடைக்கத் தொடங்கினார். ஒரு தொழில் போகும்போது அதனோடு ஒட்டியிருந்த சின்னத் தொழில்களும் நட்புகளும் எப்படிக் கழன்று விழுகின்றன என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அழுக்கின் ஊற்றை அடைத்த பிறகே ஆற்றில் இறங்கினோம். தூர்வாரும் இயந்திரங்கள் அடிச்சேற்றை அள்ளின. காலாங் வடிநிலத்தில் ஒரு மீட்டர் வரை சேற்றை எடுத்துவிட்டு, சில கரைகளில் மணல் கொட்டினார்கள். இடிந்த படித்துறைகளைச் சீர்செய்தார்கள். கால்வாய்களுக்குப் பலகைக்கல் மூடி போட்டார்கள், வாய்களில் கம்பி வலை வைத்தார்கள். குப்பை ஆற்றுக்குள் போகாமலிருக்க முகத்துவாரங்களில் மிதவைத் தடுப்புகள் கட்டினார்கள். சேற்றை அள்ளிய முதல் வாரங்களில் நாற்றம் இருமடங்கானது. கீழே நூறாண்டாக அடைந்து கிடந்தது வெளியே வருகிறது, பொறுத்துக்கொள் என்றார் எங்கள் மண்டோர். அடுத்த சில பருவமழைகள் வந்து அலசிவிட்டுப் போனதும் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் கறுப்பு பழுப்பானது. பழுப்பு பச்சையானது. ஒருநாள் காலையில் கேவனா பாலத்துக்கு அடியில், கரையை ஒட்டி, விரல் நீளத்தில் மீன் கூட்டம் ஒன்று திரும்பித் திரும்பி மின்னியது. குழுவில் ஆறு பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

வாளிக் கக்கூஸ் முறை 1987இல் முற்றாக நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் விழா எடுத்தார்கள். பத்து அதிகாரிகளுக்குப் பிரதமர் தங்கப் பதக்கம் கொடுத்தார். அவர்கள் தகுதியானவர்களே. அவர்கள் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் நான். இழப்பீடு நீங்கலாகச் செலவு சுமார் 170 மில்லியன் வெள்ளி.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் தலைவரின் கெடு வரும், தூர்வாரிய இயந்திரம் வரும், பதக்கம் வரும். எனக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று. அந்த ஆற்றை உண்மையில் கழுவியவர்கள் அதை விட்டுப் போனவர்கள். 4,926 கடைக்காரர்கள், 26,000 குடும்பங்கள், 800 படகுகளின் ஆட்கள், பண்ணைக்காரர்கள். தலைமுறைப் பழக்கத்தை ஒரு நாளில் நிறுத்தியவர்கள் அவர்கள். அரசாங்கம் உத்தரவிட்டது, அவர்கள் போனார்கள், அதில் விருப்பம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. விருப்பம் முழுதாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். இழப்பதைக் கணக்குப் பார்த்தார்கள். பார்த்த பிறகும் வாளியைக் கீழே வைத்தார்கள். கண்காணிக்க ஆள் இல்லாத இரவில் மறுபடி கால்வாயில் ஊற்ற அவர்களால் முடிந்திருக்கும். ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் எந்த இயந்திரமும் அந்த ஆற்றைக் காப்பாற்றியிருக்காது.

இன்று கரையில் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள், வணிகர்கள், மூட்டை சுமப்பவர்கள், செட்டியார். நடக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். அவற்றோடு இன்னொன்றும் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. குனிந்து இரண்டு வாளிகளைத் தரையில் வைக்கும் ஒரு தேத்தண்ணிக்காரர். அவர் முகம் எந்த இனத்தவராகவும் இருக்கட்டும்.

அத்தா 1996இல் காலமானார். வீவக வீட்டின் சமையலறையில் தன் கிளாஸைத் தானே கழுவுவார், கடைசி மாதம் வரை. கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றும் அதே சுற்று.

அவர் பார்க்காதது ஒன்று நடந்தது. 2008இல் ஆற்றின் வாயில் மரினா அணைக்கட்டு திறந்தது. 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே ஒன்பது மதகுகள், ஏழு பெரிய இறைப்பிகள். கடல்நீரை வெளியே நிறுத்தி, மழைத்தண்ணீரை உள்ளே நிறுத்தினார்கள். மழை பெய்யப் பெய்ய உப்பு நீங்கி, 2010இல் அது குடிநீர்த் தேக்கமானது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை அதில் வந்து சேர்கிறது. மேலே பீஷானில் காலாங் ஆற்றின் கான்கிரீட் சுவரை உடைத்து, 2012இல் வளைந்து ஓடும் ஆறாகவே திருப்பிவிட்டார்கள். நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டன. 1998 முதல் வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி போன்ற தன்னார்வ அமைப்புகள் சைக்கிளிலும் படகிலும் போய்க் குப்பை எடுக்கின்றன. இம்முறை யாரும் உத்தரவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், தாமாக வருகிறோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு காலாங் கரைக்குப் போனேன். அவனுக்கு எட்டு வயது. கையில் நீண்ட இடுக்கி. ஒரு மணி நேரத்தில் பையில் சேர்ந்தவை பிளாஸ்டிக் கிண்ண மூடிகள், உறிஞ்சுகுழல்கள், வாழைப்பழத்தோல் ஒன்று, பிறகு தேத்தண்ணி கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பை. சிவப்பு நாடா இன்னும் அதில் கட்டியிருந்தது, அடியில் இரண்டு விரல் அளவு பால் கலந்த தண்ணீர். டின் மறுநாள் திரும்பி வந்த காலம் போய்விட்டது. திரும்பாத பைகளின் காலம் இது. அழுக்கின் பெயர்தான் மாறியிருக்கிறது, அது புறப்படும் இடம் அப்படியே இருக்கிறது.

பேரன் பையை இடுக்கியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கால்வாயைக் காட்டினான். "தாத்தா, இதுல ஊத்தினா எங்க போகும்?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

அணைக்கட்டு இருக்கும் திசையைக் காட்டினேன். அங்கே தண்ணீர் நிற்பதையும், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதையும், குழாய் வழியே நம் வீட்டு மாடிக்கு ஏறுவதையும் சொன்னேன். காலையில் பாட்டி அவனுக்குப் பால் கலந்து கொடுத்த கிளாஸ் வரை சொல்லி முடித்தேன். அவன் கொஞ்ச நேரம் கால்வாயையே பார்த்தான். பிறகு அந்தப் பையை, உள்ளே இருந்த தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாதபடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குப்பைத் தொட்டி இருந்த இடம்வரை மெதுவாக நடந்தான்.